மஞ்சள் பையில் பெருநாள் இறைச்சி

பெருமதிப்புக்குரிய ஸைனுலாப்தீன் மாமாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்களும் மாமியும் நலம் என்பது மாடியிலிருந்து வரும் சிரிப்பிலேயே தெரிகிறது. குப்பை எடுக்க வரும் இராசதுரை அண்ணன் நலமாக இல்லை. அவருடைய விரலில் ஊசியை ஏற்றியது நீங்கள்தான்.

இன்று காலை அவர் நம் இரத்தப் பரிசோதனை ஆய்வுகூட வாசலில் இருந்த கறுப்புப் பையைத் தூக்கினார், உடனே கையை உதறினார். "கோழிக்குடலாக்கும் எண்டு நினைச்சன் தங்கச்சி. கனக்க இல்ல, ஒரு சொட்டுத்தான்" என்று என்னிடமே மன்னிப்புக் கேட்பதுபோலச் சொன்னார். சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டேன். அது யாருடைய இரத்தம் எடுத்த ஊசி என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

இரத்தம் பட்ட கழிவு மஞ்சள் பையில் கட்டி எரிக்கப் போக வேண்டும். நம்மிடம் இருநூறு மஞ்சள் பைகள் இருந்தன, மாமா. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முதல்நாள் மாமி இறங்கி வந்து, "மகள், இது நல்ல மொத்தம், தடிச்ச பை, ரெத்தம் ஒழுகாது, அதுக்குத்தானே செஞ்சிரிக்கி?" என்று கட்டோடு தூக்கிக்கொண்டு போனார். மூதூர் வரைக்கும் குர்பான் இறைச்சி அந்தப் பையில்தான் போனது. கிண்ணியாவிலிருந்து ஷிஃபானா மச்சி போன் எடுத்து, "பையில வளையம் வளையமாக் கீறியிரிக்கே, புது ஹலால் முத்திரையா?" என்று கேட்டாள். கிருமி அபாயக் குறி என்று சொல்ல வாய் வரவில்லை; அவள் மென்றுகொண்டிருந்தாள். அன்றிலிருந்து இறைச்சி கிருமிப் பையிலும், கிருமி கோழிக்கடைப் பையிலும். புதுப் பை கேட்டேன். "பொலித்தீனைக் குறைக்கோணும் மகள், சுற்றாடல்" என்றீர்கள். உங்கள் கதிரைக்கு மேலே 'நிலைபேறான கழிவு முகாமைத்துவம்' என்ற சான்றிதழ் கண்ணாடி போட்டுத் தொங்குகிறது. அந்தச் செயலமர்வுக்கு உங்கள் பெயரில் போய்ப் பகற்சோறு தின்றுவிட்டு வந்தவர் வேன் சாரதி றுமைஸ்.

இராசதுரை அண்ணன் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவையென்றால் மூன்று நாளுக்குள் தொடங்க வேண்டும். பிந்தப் பிந்தப் பலன் குறையும். ஊசி எங்கிருந்து வந்தது, நேற்று யார் யாருக்கு இரத்தம் எடுத்தோம் என்று டாக்டர் கேட்பார். அதற்கு உரிமையாளரான உங்கள் ஒப்பத்தோடு ஒரு துண்டுக் கடிதம் வேண்டும். மாடிக்கு வந்து கேட்டேன். "பேர் கெட்டுப் போகும். அவருக்கு ஒரு தேத்தண்ணி குடுத்து அனுப்பு. வேற என்ன எண்டாலும் எழுத்தில தா" என்றீர்கள். தேத்தண்ணி குடித்துவிட்டார். விரலை நிமிர்த்திப் பிடித்தபடி இன்னும் படியில்தான் இருக்கிறார். எழுத்திலும் தந்துவிட்டேன்.

அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளையும், மாமிக்கு வேறு பைகளையும் தருவானாக.

மருமகள்,
நுஸ்ரத்

பி.கு.: துண்டுக் கடிதத்துக்காக நேற்றைய பதிவைப் புரட்டினேன்; மாலை வேலை என் பெயரில் இருந்தது. அந்தக் கறுப்புப் பையைக் கட்டியது நான். பாவித்த ஊசி போடும் பெட்டி நிரம்பி வழிந்தது, நான் ஏற வேண்டிய கிண்ணியா பஸ் புறப்படப் போனது, கையில் இருந்த ஊசியைப் பைக்குள் போட்டேன். ஆகவே முதல் பந்தியில் 'நீங்கள்தான்' என்பதை வெட்டி 'நாங்கள்தான்' என்று வாசியுங்கள். துண்டுக் கடிதம் இத்துடன் இருக்கிறது. என் ஒப்பத்தை வைத்துவிட்டேன். றுமைஸ் வேனை வாசலுக்கு எடுத்துவிட்டார், அண்ணன் ஏறிவிட்டார். உங்கள் ஒப்பம் எங்கே, மாமா?