மேல் டிவிஷன் கணினிக்குப் பதிப்பு தேர்ந்த வரலாறு

பூண்டுலோயாவுக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிஷனுக்கு ஒரு கணினி வந்து சேர்ந்தது. வந்த நாளும் நேரமும் பதிவேட்டில் முறையாகக் குறிக்கப்பட்டன. பெட்டி, திரை, விசைப்பலகை, சுட்டி, தூசி படாமல் மூடிவைக்கப் பூப்போட்ட துணி எல்லாம் சரியாக இருந்தன. கணினியை இயக்குகிற இயங்குதளம் மட்டும் இல்லை. "அது பயனாளிகளின் விருப்பமறிந்து பின்னர் கொள்வனவு செய்யப்படும்" என்று கூடவே வந்த கடிதம் சொன்னது. மக்களின் விருப்பம் அறியாமல் நமது காரியாலயங்கள் எதையும் செய்வதில்லை என்பது நாம் எல்லோரும் அறிந்ததே.

கணினி நிலையத்தின் பயிற்றுநர் நிஷாந்தி. வயது இருபத்தாறு. நிலையம் என்பது பழைய பிள்ளைக்காம்பரா; கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போன கட்டடம். தொட்டில் கட்டிய கொக்கிகள் இன்னும் கூரையில் இருந்தன. அவற்றில் குடைகளைத் தொங்கவிடலாம் என்பதால் அவற்றை நவீன வசதிகளில் ஒன்றாக நிலையத்தின் அறிக்கையில் சேர்த்திருந்தார்கள்.

கடிதத்தோடு ஒரு படிவமும் இருந்தது. அதில் ஒரே கேள்வி: "தேவைப்படும் பதிப்பு யாது?" ஹோம், புரோ, எடியுகேஷன் என்று மூன்று கட்டங்கள். நிஷாந்தி கொஞ்சமும் யோசிக்காமல் ஹோம் கட்டத்தில் சரி போட்டாள். விலை குறைவு. தட்டச்சுப் பழக, மின்னஞ்சல் அனுப்ப, படிவம் நிரப்ப அது தாராளமாகப் போதும்.

அவளுக்கு அவசரம் இருந்தது. அவசரத்தின் பெயர் லோஜினி. பதினெட்டு நிறைய இன்னும் ஐந்து மாதம் இருந்த பிள்ளை. நுவரெலியாவில் ஒரு பயிற்சி நிலையம் தாதி உதவியாளர் வகுப்புக்கு ஆள் எடுத்தது. முப்பது மணித்தியாலம் கணினி பழகியதற்குச் சான்றிதழ் வேண்டும். மூன்று மாதத்துக்குள் கொண்டுபோய் நேரில் கொடுக்க வேண்டும். டவுனில் இருந்த வகுப்போ ஆறு மாதம். ஆக, பிள்ளைக்காம்பரா கணினி உயிர்பெற்றால் லோஜினி ஆஸ்பத்திரிக்குப் போவாள். இல்லாவிட்டால் அம்மா மீனம்மாவோடு கொழுந்தெடுக்க மலைக்குப் போவாள். நிஷாந்திக்கு அந்தப் பிள்ளைமேல் உண்மையாகவே பாசம். இந்த ஒரு பிள்ளையையாவது மேலே ஏற்றிவிட வேண்டும் என்று பிள்ளையாருக்கு நேர்ந்துகொண்டிருந்தாள்.

பத்தாம் நாள் படிவம் திரும்பி வந்தது. நிஷாந்தி பஸ் பிடித்து நுவரெலியாவுக்குப் போனாள். கணினி விநியோக இணைப்பாளர் திலக்ஷன், படிவத்தை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார்.

"இந்தச் சரி யாரு போட்டது?"

"நான்தாங்க சார்."

"நீங்க பயனாளியா?"

"பயிற்றுநர் சார்."

"அப்ப பயனாளிகளுக்கு என்னா வேணும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"சார், அவங்க யாரும் இன்னும் கம்ப்யூட்டரத் தொட்டதே இல்லீங்களே."

"அதனாலதாங்க அவங்கள கேக்கணும். தொட்டுப் பழகினவங்க பக்கச்சார்பா சொல்வாங்க."

இதற்கு மேல் நியாயம் பேச இடமில்லை. பயனாளிகளின் பிரதிநிதிகளைக் கூட்டி, ஏகமனதான தீர்மானம் எடுத்து, மூன்று பிரதிகளில் அனுப்பும்படி பணிக்கப்பட்டாள்.

மேல் டிவிஷனில் பிரதிநிதிகளுக்குப் பஞ்சமில்லை. அங்கே மூன்று தொழிற்சங்கங்கள். முதலாவது பழைய சங்கம், தலைவர் ஆண்டியப்பன். இரண்டாவது, அதிலிருந்து பிரிந்த புதிய சங்கம், தலைவர் இராயப்பன். மூன்றாவது, பிரிவினையே கூடாது என்று புதிய சங்கத்திலிருந்து பிரிந்துபோன சங்கம், தலைவர் இராமையா. கோயில் திருவிழாவா, தண்ணீர்க் குழாயா, செத்த வீட்டுக்குப் பந்தலா, எதுவானாலும் மூவரும் வேண்டும். மூவரும் ஒன்றைச் சொல்லக் கூடாது என்பது தோட்டத்தின் எழுதாத சட்டம்.

கூட்டம் பிள்ளைக்காம்பராவிலேயே நடந்தது. நிஷாந்தி மூன்று பதிப்புகளையும் விளக்கினாள். தேநீரும் பணிஸும் கொடுக்கப்பட்டன. விளக்கம் முடியும்வரை மூவரும் பணிஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தொரை ஆபீசுல என்னா இருக்கு?" என்று ஆண்டியப்பன் கேட்டார்.

"புரோங்க."

"அப்ப நமக்கும் புரோ. தொரைக்கு ஒண்ணு, தொழிலாளிக்கு ஒண்ணுன்னு வச்ச காலம் மலையேறிப் போச்சு டீச்சர்."

"புரோவுல நமக்குத் தேவையில்லாதது நெறைய இருக்குங்க. விலையும் கூட."

"தேவையில்லாதது தொரைக்கு மட்டும்தான் இருக்கணுமா?"

இராயப்பன் அதுவரை பேசவில்லை. ஆண்டியப்பன் என்ன சொல்கிறார் என்று தெரியாமல் தன் கொள்கை என்னவென்று அவரால் எப்படிச் சொல்ல முடியும்? இப்போது தெரிந்துவிட்டது. "ஹோம்தான்!" என்று மேசையில் தட்டினார். "டீச்சர் படிச்சவங்க. அவங்களே ஹோம்னு எழுதிட்டாங்க. படிச்ச பிள்ளையை மதிக்காத தலைமை என்னா தலைமை?"

"ஐயோ, நான் எந்தச் சங்கமும் இல்லீங்க" என்றாள் நிஷாந்தி பதறிப்போய்.

"பரவால்ல, நாங்க சேத்துக்கிறோம்" என்றார் இராயப்பன்.

இராமையா, மிச்சமிருந்த எடியுகேஷனை ஏற்றுக்கொண்டார். கல்வியே கண் என்று தன் சங்கம் எப்போதும் சொல்லிவந்திருக்கிறது என்றார். எப்போது சொன்னது என்று ஒருவரும் கேட்கவில்லை, பணிஸ் முடிந்திருந்தது.

அடுத்த வாரம் விஷயம் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களுக்குள் இறங்கியது. கணினி எந்தப் பக்கம் திறக்கும் என்று தெரியாதவர்கள்கூட, "நாங்க பரம்பரையா புரோங்க" என்று சொல்லத் தொடங்கினார்கள். கொழுந்து நிறுக்கிற இடத்தில் ஹோம்காரர் தனியாக, புரோகாரர் தனியாக நின்றார்கள். கொழும்புக் கடைகளில் வேலை செய்த பையன்கள் லீவுக்கு வரும்போது முதுகில் "புரோ" என்று அச்சடித்த பனியன் போட்டு வந்தார்கள். அதுவே பாஷன் ஆனது. தீபாவளிக்கு அந்தப் பனியன் கிடைக்காத பையன்கள் வீட்டில் சோறு தின்ன மறுத்தார்கள். ஐந்தாம் லயத்தில் ஒரு பெண் பார்க்கும் வைபவம் எல்லாம் பொருந்தி, கடைசியில் மாப்பிள்ளை வீடு எடியுகேஷன் என்று தெரிந்ததும் நின்றுபோனது. பெண்ணின் தகப்பன், "பொழைக்கத் தெரியாத குடும்பம்" என்று காரணம் சொன்னார்.

நிஷாந்தி பாதையில் நடந்தால் ஒரு பக்கத்தார் வணக்கம் சொன்னார்கள். மறு பக்கத்தார் முகத்தைத் திருப்பினார்கள். அவள் வீட்டுக் குழாயில் யாரோ "ஹோம் ஒழிக" என்று தாரால் எழுதிவிட்டார்கள். முதல் நாள் அவளுக்குச் சிரிப்பு வந்தது. இரண்டாம் வாரம் அழுகை வந்தது. அப்புறம், அவளை அறியாமலே, புரோவில் உள்ள குறைகளைத் தேடித் தேடி வாசிக்க ஆரம்பித்தாள்.

ஒன்றரை மாதம் ஓடியது. இராமையா ஒரு சமரசம் கொண்டுவந்தார். சம்பளத்துக்குக் கூட்டு ஒப்பந்தம் இருப்பதுபோல் இதற்கும் ஒன்று எழுதலாம்: மூன்று பதிப்பையும் வாங்குவது, கிழமையில் இரண்டிரண்டு நாள் ஒவ்வொன்று, ஞாயிறு கணினிக்கு ஓய்வு. எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். எந்தப் பதிப்புக்குத் திங்கட்கிழமை என்பதில் ஒப்பந்தம் முறிந்தது.

"மூணு மாசத்துல பாதி போச்சுங்க டீச்சர்" என்றாள் லோஜினி. மறுநாளே நிஷாந்தி டவுனுக்குப் போன் போட்டாள்.

பூண்டுலோயா டவுனில் போன் திருத்தும் கடை வைத்திருந்த நிஷாந்தியின் மாமன் மகன் வினோஜன், ஒரு பென் டிரைவோடு வந்தான். உலகத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளக்கூடிய இலவச இயங்குதளம் ஒன்று அதில் இருந்தது. அரை மணித்தியாலத்தில் ஏற்றிவிட்டான். கணினி விழித்துக்கொண்டது. தமிழிலேயே "நல்வரவு" என்றது. நிஷாந்தி யன்னலைச் சாத்தி, பூப்போட்ட துணியைத் திரைச்சீலையாகக் கட்டி, பின்னேரங்களில் லோஜினிக்குச் சொல்லிக்கொடுத்தாள். முப்பது மணித்தியாலம் முழுசாக முடிந்தது. பிள்ளை படிவம் நிரப்பினாள், கடிதம் அடித்தாள், நோயாளிகளின் பட்டியல் ஒன்றைக் கற்பனையாகவே தயாரித்தாள். அதில் முதல் மூன்று நோயாளிகள் தலைவர்கள்.

முப்பதாவது மணித்தியாலத்தில் கதவு தட்டப்பட்டது. தலைவர்கள் மூவரும் நின்றார்கள். வரலாற்றில் முதல்முறையாக ஒன்றாக வந்திருந்தார்கள்.

"இது எந்தப் பதிப்பு?" என்றார் ஆண்டியப்பன்.

"இலவசங்க."

"யாரு வாங்கிக் குடுத்தது?"

"யாரும் வாங்கலீங்க. சும்மாவே கெடைக்குது."

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். போராடாமல் கிடைத்த பொருளை எந்த மேடையில் ஏறிச் சொல்வது? எந்தப் பெயர்ப்பலகையில் எழுதுவது?

"சும்மா குடுக்கிறாங்கன்னு வாங்கிக்கிட்டு நம்ம உரிமையை விட்டுற முடியாது டீச்சர்" என்றார் இராயப்பன், மிகுந்த துக்கத்தோடு.

மூன்று சங்கங்களும் ஏகமனதாக ஒரு தீர்மானம் எடுத்தன: மேற்படி கணினி இயங்கினாலும், இயங்காததாகவே கருதப்படும். திலக்ஷன் இந்தத் தீர்மானத்தை வாசித்து மகிழ்ந்தார். மேலிடத்துக்கு அனுப்பிய அறிக்கையில், "பதிப்புகள் தொடர்பான மக்கள் விழிப்புணர்வு நூறு வீதம் எட்டப்பட்டது" என்று எழுதினார். இயங்காத கணினிகளின் பட்டியலில் ஒன்று கூடியதால் அடுத்த வருடம் ஒதுக்கீடும் கூடியது.

சான்றிதழ் வழங்குவதை மட்டும் யாரும் தடுக்கவில்லை. காரியாலயத்தில் அச்சடித்த சான்றிதழ்கள் ஒரு கட்டு ஏற்கனவே வந்திருந்தன. அச்சடித்ததைப் பயன்படுத்தாவிட்டால் கணக்காய்வில் கேள்வி வரும். பயிற்றுநர் கையெழுத்து ஒன்று, பதினெட்டு நிறையாதவர்களுக்குப் பெற்றோர் கையெழுத்து ஒன்று. நடுவில் ஒரு வரி: "பயின்ற பதிப்பு: ஹோம் / புரோ / எடியுகேஷன். பொருந்தாதவற்றை வெட்டிவிடுக."

கடைசி நாள். நுவரெலியாவுக்குப் பன்னிரண்டரைக்கு பஸ், அதை விட்டால் அடுத்தது சாயங்காலம்தான். பயிற்சி நிலையம் நான்கு மணிக்குப் பூட்டும். அந்த வரியை அங்கே ஒருவரும் வாசிக்கப்போவதில்லை என்பது நிஷாந்திக்குத் தெரியும். ஹோமை விட்டுவிட்டு மற்ற இரண்டையும் வெட்டி, கையெழுத்து வைத்து, புதுச் சட்டை போட்டு நின்ற லோஜினியிடம் கொடுத்தாள். மீனம்மா மலையிலிருந்து நேரே ஓடி வந்தாள். இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்கவில்லை. பேனாவை வாங்கினாள். எழுத்துக் கூட்டி வாசித்தாள். பேனாவை மேசையில் வைத்தாள்.

"என்னாங்க டீச்சர், ஹோம்னு இருக்கு?"

"அது சும்மா ஒரு வரிங்கக்கா. கையெழுத்தப் போடுங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"நாங்க பழைய சங்கம்னு தெரியும்ல? நான் இதுல கையெழுத்து போட்டேன்னா நாளைக்கு மலையில எப்படி மூஞ்சியக் காட்டுறது?"

"ஒங்க மகளோட வாழ்க்கைங்கக்கா இது."

"அதனாலதாங்க சொல்றேன். சும்மா ஒரு வரிதானே, புரோன்னு மாத்தி எழுதிக் குடுங்க."

மாற்றி எழுத ஒரு நிமிடம் போதும். கட்டில் இன்னும் நாற்பது சான்றிதழ் இருந்தது. நிஷாந்தி ஒன்றை உருவவும் செய்தாள். அப்போது குழாயில் எழுதிய தார் நினைவுக்கு வந்தது. முகத்தைத் திருப்பியவர்கள் எல்லோரும் வரிசையாகக் கண்முன் வந்தார்கள். உருவிய சான்றிதழைக் கட்டுக்குள்ளேயே திரும்பச் செருகினாள்.

"அது எப்படிங்க எழுதுறது? புரோ தேவையே இல்லைன்னு மொதல் நாள்லருந்து சொல்றேன். அதுல இருக்கிற பாதி நமக்கு வேணாம். பொய் எழுத மாட்டேன்!"

"அப்ப ஹோம் மட்டும் உண்மையாக்கும்?"

"ஹோம்தாங்க சரி!"

"டீச்சர்" என்றாள் லோஜினி மெல்ல. "நான் படிச்சது மூணுமே இல்லையே."

"நீ சும்மா இரு!" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

வாக்குவாதம் நல்ல தரத்தில் நடந்தது. பாதுகாப்பு, விலை, தன்மானம், சங்கத்தின் தியாகங்கள் எல்லாம் அலசப்பட்டன. கீழே வளைவில் பஸ் ஹோர்ன் அடித்தது. மீண்டும் ஒருமுறை அடித்தது. லோஜினி சான்றிதழை நான்காக மடித்து, கையிலேயே வைத்துக்கொண்டு, பஸ் அடுத்த மலைக்குப் பின்னால் மறைகிறவரை வாசலில் நின்று பார்த்தாள்.

"போச்சுங்க" என்றாள்.

இரண்டு மாதத்தில் அவளுக்குப் பதினெட்டு நிறைந்தது. ஒரு திங்கட்கிழமை காலை பெரட்டுக் களத்தில், வேலைக்குப் பேர் கொடுப்பவர்களின் வரிசையில், அம்மாவின் பழைய கூடையோடு நின்றாள். கணக்கப்பிள்ளை புதிய பதிவேட்டைத் திறந்தார். பெயர், வயது, அடையாள அட்டை இலக்கம். சங்கம் என்று இருந்த இடத்தில் இப்போது பதிப்பு என்று இருந்தது.

"என்னா பதிப்பு பிள்ளை?"

லோஜினி கூடையின் கயிற்றைச் சரிசெய்தாள். "வீட்ல என்னாவோ அதே போட்டுக்கங்க. புரோ."

நிஷாந்தி அந்த நேரம் பாதையோரமாக நிலையத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள். கூடையோடு நின்ற பிள்ளையைக் கண்டாள்; அவள் "புரோ" என்றதும் காதில் விழுந்தது. கண் கலங்கியது. எவ்வளவு சொல்லிக்கொடுத்தும், கடைசியில் அந்தப் பக்கம் போய்விட்டாளே!