நெடுந்தீவில் நான் பட்ட கஷ்டம்

அலுவலகத்தில் எல்லோரும் போகப் பயப்படும் ஊர் ஒன்று இருக்கிறதென்றால், அங்கே ஒருவன் ரகசியமாக நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான் என்று அர்த்தம். எங்கள் அலுவலகத்தில் அந்த ஒருவன் நான்.

கிணற்றுத் தண்ணீரைச் சோதிப்பது எங்கள் வேலை. அலுவலகம் கொழும்பு வெள்ளவத்தையில், கிணறுகள் நெடுந்தீவில். இரண்டு பஸ், ஒரு படகு. ஊரின் பெயரைச் சொன்னதுமே ஒருவருக்கு இடுப்பு பிடிக்கும், இன்னொருவரின் பிள்ளைக்குக் காய்ச்சல் வரும். நான் மட்டும் தியாகிபோலக் கையைத் தூக்குவேன்.

தியாகத்துக்குக் காரணம், தீவில் நான் தங்கும் வீட்டுக்காரி பூமணி அக்கா. காலையில் புட்டும் மீன் பொரியலும், மத்தியானம் நண்டும் கணவாயும், பின்னேரம் ஒடியல் கூழ். (இடையிடையே கிணறும் பார்ப்பேன்.)

இது வெளியே தெரிந்தால் போட்டி வந்துவிடுமே! அதனால் கொழும்பு திரும்பியதும் கன்னத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, "பாணும் சம்பலும்தான் கிடைச்சது" என்பேன். (அந்தக் கன்னத்தை உள்ளே இழுப்பதுதான் உண்மையான கஷ்டம்.) கஷ்டப் பிரதேசக் கொடுப்பனவு தந்தார்கள். கூட வேலை செய்பவர்கள் மனமிரங்கி, ஒவ்வொரு பயணத்துக்கும் என் பையில் டின் மீன் திணித்தார்கள்.

எங்கள் மனேஜர் சேவியர் சேர், கொட்டாஞ்சேனைக்காரர், இளகிய மனசு. ஒருநாள் என் கதையைக் கேட்டுக் கண் கலங்கிவிட்டார்.

"நீங்க மட்டும் கஷ்டப்படுறது நியாயமில்லப்பா. இந்த மாசம் நானும் வாறேன்."

உடனே அக்காவுக்குப் போன் எடுத்தேன்.

"அக்கா, எங்கட சேர் வாறார். சோறும் பருப்பும் மட்டும் காணும். எனக்கும் பாணும் சம்பலும்தான் தாறனீங்கள் எண்டு சொல்லுங்கோ."

"சேருக்கு வயித்தில ஏதும் வருத்தமோ?"

"இல்லை அக்கா, எளிமையான மனுசன்."

"ஓம், ஓம்," என்றார் அக்கா.

அந்த ஓமை நான் நம்பினேன். கொழும்பில் பிறந்து வளர்ந்த மடையன் நான். வீடு தேடி வருபவருக்குப் பருப்பு மட்டும் போடு என்பது அந்த வீட்டின் மானத்தை வாங்குகிற பேச்சு என்று எனக்கு எப்படித் தெரியும்?

படகில் சேர் வாந்தி எடுத்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "மாசா மாசம் எப்படிப்பா தாங்குறீங்க?" என்றார். நான் துயரத்தோடு கடலைப் பார்த்தேன்.

வீட்டில் இலை போட்டாயிற்று. நண்டு, கணவாய், இறால், மீன் சொதி, முருங்கையிலைச் சுண்டல். பருப்பைக் காணவில்லை.

"அக்கா, பருப்பு?" என்று முணுமுணுத்தேன்.

அக்கா சேர் பக்கம் திரும்பினார். "பாருங்கோ சேர், உங்களுக்குப் பருப்பு மட்டும் குடுக்கட்டாம்! நாங்கள் அப்பிடிப்பட்ட சனமோ? இவருக்கே ஒருநாளும் நண்டில்லாமல் சோறு போட்டதில்லை. பாணும் சம்பலும் எண்டு சொல்லட்டாம். ஊர் என்னைப் பற்றி என்ன நினைக்கும்?"

சேரின் கையில் நண்டுக்கால் அப்படியே நின்றது.

"அப்ப அந்த டின் மீன்?"

"அதோ? பூனைக்கு வைச்சனான். மணந்து பாத்திட்டுப் போயிட்டுது."

வேலை போனது என்றே முடிவு செய்துவிட்டேன். வீட்டு வாடகையும் மகளின் பள்ளிக்கூட வான் காசும் கண்முன் வந்து போயின. சேர் நண்டுக்காலைக் கடித்து உடைத்தார், உறிஞ்சினார், மறுபடி சோறு கேட்டார்.

திரும்பும் படகில் அவருக்கு வாந்தி வரவில்லை. என் தோளில் கை போட்டார்.

"தம்பி, நெசமாவே ரொம்பக் கஷ்டமான இடம்தாம்ப்பா. உங்க உடம்பு கெட்டுப்போயிடும். இனிமே நானே போயிக்கிறேன்."

இப்போது மாதாமாதம் சேர்தான் போகிறார். நான் தெமட்டகொடையில் குழாய்த் தண்ணீர் சோதித்து, மத்தியானம் ஒரு மீன் பணிஸைக் கடித்துக்கொள்கிறேன். அவர் திரும்பி வந்து, பெருத்த வயிற்றைத் தடவியபடி, "பாணும் சம்பலும்தாம்ப்பா" என்று பெருமூச்சு விடும்போது, எல்லோரையும்விட அதிகமாக உச்சுக்கொட்டுபவன் நான்தான். வாய் திறந்தால் நானும் அல்லவா மாட்டிக்கொள்வேன்!

வீட்டில் மட்டும் உண்மையைச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. போன கிழமை பாமன்கடையில் ஒரு வீட்டில் பிறந்தநாள் விருந்து. நான் இரண்டாம் முறை சோற்றுக் கோப்பையை நிரப்புவதைப் பார்த்த மைத்துனர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். என் மனைவி சுபா சபை கேட்க அவரைத் தடுத்தாள்:

"ஒண்டும் சொல்லாதேங்கோ அண்ணா. மனுசன் கஷ்டப்பட்டுக்கொண்டிருக்கிறார்."