இணைப்பில் காத்திருந்த டிராகன்

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் சவரம் செய்துகொண்டிருக்கும்போது ஒரு முடிவுக்கு வந்தார். இந்த ஞாயிற்றுக்கிழமை மனைவியைத் தோற்கடித்தே தீருவது. நியாயமாக அல்ல, தந்திரமாக. நியாயமாக மோதி அவர் கல்யாணமான நாளிலிருந்து ஜெயித்ததே இல்லை.

சண்டையே ஞாயிற்றுக்கிழமை பற்றியதுதான். அன்று மத்தியானமானால் மாடிவீட்டு லிஃப்ட் மெக்கானிக்கும், முடிவெட்டும் கடை வைத்திருக்கும் மைத்துனனும் வந்து சாப்பாட்டு மேஜையைப் பிடித்துக்கொள்வார்கள். ஆளுக்கொரு பாத்திரம் எடுத்து, பகடை உருட்டி, காடு, குகை, கோட்டை என்று வாயாலேயே ஊர் சுற்றும் ஆட்டம். கதையை நடத்துவது மெக்கானிக்.

"ஞாயித்துக்கிழமையானா ஆளுக்கொரு பாத்திரம் எடுக்கிறீங்க. தொட்டியில கிடக்கிற பாத்திரத்தை யாராவது எடுக்கிறீங்களா?" என்று மனைவி கேட்டிருந்தாள்.

"அது வேற பாத்திரம்."

"தெரியுது. அதைத் தேய்ச்சா பளபளன்னு ஆகும். இங்க பொழுதைத்தான் தேய்க்கிறீங்க. ஒண்ணு, மேஜையைக் காலி பண்ணுங்க. இல்லன்னா நானும் ஆட வர்றேன்."

மேஜை போனால் ஆட்டம் போச்சு. அவள் வந்தால் நிம்மதி போச்சு. அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை உதித்தது. வரட்டும். வந்து திண்டாடட்டும். இருக்கிற பாத்திரங்களிலேயே கஷ்டமானதைத் தலையில் கட்டிவிட்டால், முதல் நாளே தலைவலி என்று எழுந்து ஓடிவிடுவாள்.

அந்தக் கஷ்டமான பாத்திரம் அவருடையதே. நீண்ட காதும் நானூறு வயதும் கொண்ட எல்ஃப் என்கிற மாயக் காட்டுவாசி. ஒரு கையில் வாள், மறு கையில் மந்திரம். கேடயம் கூடாது, இரும்புச் சட்டை கூடாது. வாளைச் சுழற்றியபடியே பாட வேண்டும். பாட்டு நின்றால் மந்திரமும் நின்றுவிடும். அதற்கு மட்டும் விதிகள் பக்கம் பக்கமாக இருந்தன. இரண்டு வருஷமாக அவர் பிள்ளையைப் போல வளர்த்த எல்ஃப்.

"இந்தா. இனிமே இது உனக்கு," என்று சனிக்கிழமையே மற்ற இருவரையும் வரவழைத்து, அவர்கள் முன்னாலேயே தாராளமாகத் தூக்கிக் கொடுத்தார். விதிப்புத்தகத்தையும் கொடுத்தார். தனக்குத் தீப்பந்தம் பிடிப்பவன் வேஷம் போதும் என்றார்.

"மாமா ஜெயிச்ச மாதிரியே சிரிக்கிறாரே," என்றான் மைத்துனன் சந்தேகமாக.

அவர் ஒன்றை மறந்துவிட்டார். மனைவிக்குச் சலவை இயந்திரக் கம்பெனியின் புகார்ப் பிரிவில் வேலை. உத்தரவாதத் தாளின் அடியில் எறும்பு ஊர்வதுபோல இருக்கும் எழுத்தைப் படித்து, இது ஏன் எங்கள் பொறுப்பில்லை என்று நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லிப் பழகியவள். அந்த எழுத்தைப் படிக்கக் கண்ணாடி செய்து கொடுத்ததும் அவரேதான்.

ஞாயிறு வந்தது. குகை வாசலில் டிராகன் படுத்திருந்தது. மெக்கானிக் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "முதல்ல யார் உள்ளே போறது?"

"வெளிச்சம்தான் முன்னால போகணும்," என்றாள் மனைவி.

தீப்பந்தம் முன்னால் போனது. டிராகன் ஒரே ஒரு முறை கொட்டாவி விட்டது. தீப்பந்தம் பிடித்தவனும் பந்தத்தோடு சேர்ந்து எரிந்துபோனான். ஆட்டம் தொடங்கிக் காபி ஆறுவதற்குள் கடைக்காரர் காலி.

"டிராகனுக்குக் காது உண்டா?" என்று மனைவி கேட்டாள்.

"உண்டு அண்ணி."

"அப்ப பாடுறேன்." இருபது முகப் பகடையை உருட்டினாள். பதினெட்டு. பிறகு மூக்கால் ஒரு ராகம் இழுத்தாள். புகார் சொல்லக் கூப்பிடுகிறவர்கள் காதில் மணிக்கணக்காக ஓடுமே, அந்த ராகம். நடுவில் அலுவலகக் குரலில் சொன்னாள்: "உங்கள் சீற்றம் எங்களுக்கு மிகவும் முக்கியமானது. தயவுசெய்து இணைப்பிலேயே காத்திருங்கள்."

மெக்கானிக் வாயைப் பொத்திக்கொண்டான். "எவ்வளவு நேரம்னு டிராகன் கேக்குது அண்ணி."

"உங்களுக்கு முன்னால ஏழு டிராகன் வரிசையில இருக்குங்க."

"இது செல்லாது," என்று கடைக்காரர் குறுக்கே பாய்ந்தார். "எல்ஃப் பாட்டுன்னா எல்ஃப் பாஷையிலதான் பாடணும்."

"எந்தப் பாட்டுன்னு புத்தகத்துல எங்கயும் போடலைங்க. சின்ன எழுத்துலயும் பாத்துட்டேன். அப்புறம், செத்தவங்க பேசக்கூடாதுன்னு மட்டும் போட்டிருக்கு."

அவள் ராகத்தைத் தொடர்ந்தாள். மூன்றாவது சுற்றில் டிராகனுக்குக் கண் சொருகியது. ஐந்தாவதில் குறட்டை.

"இப்ப வெட்டுறேன்," என்றாள்.

"வாளையா, வாலையா?" என்றான் மைத்துனன்.

"வாளால வாலை. தலைப் பக்கம் போனா முழிச்சுக்கும்."

வால் போன டிராகன் வெட்கப்பட்டுக்கொண்டு ஊரைவிட்டே பறந்துவிட்டதாக மெக்கானிக் தீர்ப்பு சொன்னான். மைத்துனன் மேஜையைத் தட்டியதில் காபிக் கோப்பை சாய்ந்தது. இந்த இரண்டு வருஷத்தில் கடைக்காரருக்காக யாரும் ஒரு ஸ்பூனைக்கூடச் சாய்த்ததில்லை. அவர் கையை நீட்டினார்.

"சரி, ஆடினது போதும். எல்ஃபைக் குடு."

"எதுக்குங்க?"

"அது என்னோடது."

"ரெண்டு சாட்சி வச்சு, நீங்களா முழு மனசோட குடுத்தது. கைமாறின பொருளைத் திரும்ப எடுத்துக்க முடியாதுங்க." அவள் குரல் தேனாக மாறியது. "உங்களுக்கு வேறு ஏதாவது உதவி தேவையா?"

மைத்துனன் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது. கடைக்காரர் மெக்கானிக்கிடம் சரணடைந்தார். "அடுத்த வாரம் எனக்கு என்னடா பாத்திரம்?"

அவன் தாள்களைப் புரட்டிப் பார்த்தான். "மிச்சம் இருக்கிறது மூட்டை சுமக்கிற கழுதை ஒண்ணுதான் அண்ணே."

கடைக்காரர் யோசித்தார். கழுதையானாலும் கூட்டத்தோடுதானே போகப் போகிறது. போகிற வழியெல்லாம் குறுக்கே பேசி, அந்த எல்ஃபை ஒரு பாட்டும் பாடவிடாமல் செய்துவிடலாம்.

"கழுதைன்னா கழுதை. ஆனா நான் அப்பப்ப யோசனை சொல்லுவேன்," என்றார்.

மனைவி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஒரு பக்கத்தைப் புரட்டினாள்.

"கழுதைக்குப் பேச்சு கிடையாதுங்க. தலையாட்டலாம்."