எடை இன்ஸ்பெக்டர் வீட்டுப் புல்

இரண்டு கிலோ புல் விதை வாசல் கேட்டுக்கு அடியில் புகுந்து தெருவுக்கு இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. எடை இன்ஸ்பெக்டர் ஒரு கையில் குடையைப் பிடித்தபடி, வேறு வழி தெரியாமல், வலது காலைக் கேட்டுக்குக் குறுக்கே அணையாக வைத்து நின்றார். மழைத்தண்ணீர் அந்தக் காலைச் சுற்றிக்கொண்டு போனது. கொஞ்சம் விதை செருப்பில் ஒட்டிக்கொண்டது. மற்றதெல்லாம் பக்கத்து வீட்டை நோக்கித் திரும்பியது.

"பாத்தியா, எங்க போகுதுன்னு பாத்தியா," என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. "நேரா அவன் வீட்டுக்கே போகுது."

ஜன்னலுக்கு உள்ளே நின்றிருந்த மனைவி, அந்தப் பக்கம் பள்ளம், தண்ணீர் பள்ளத்துக்குத்தானே போகும் என்றாள். தண்ணீருக்கு நீ வக்காலத்து வாங்காதே என்று இன்ஸ்பெக்டர் அவள் மேல் பாய்ந்தார்.

கோபம் அவருக்கு உத்தியோகத்தோடு வந்தது. கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்துவது அவர் வேலை. எதிரில் நிற்கிற ஒவ்வொருவனும் ஐம்பது கிராமாவது குறைக்கிறான் என்று இருபத்தாறு வருடமாக நம்பிப் பழகியவர். சாயங்காலம் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றுவார். அந்த நம்பிக்கையை மட்டும் கழற்ற அவருக்குத் தெரியாது.

அவர் சந்தேகப்படாத ஒரே ஜீவன் வீட்டு முன்னால் இருந்த புல்தரை. இருபது அடி நீளம், பன்னிரண்டு அடி அகலம், ஒன்பது வருட வளர்ப்பு. கத்தரித்து முடித்ததும் அடிக்கோலை வைத்து உயரம் பார்ப்பார். அதன்மேல் நாற்காலி போடக்கூடாது, கால் பதியும். பக்கத்தில் துணி உலர்த்தக்கூடாது, நிழல் விழும். மனைவி டீ டம்ளரோடு ஓரத்தில் போய் நின்றால்கூட, கை தவறினால் என்ன ஆகும் என்று கேட்பார்.

மழைக்காலம் தொடங்குவதற்கு முன்பு மகள் வந்திருந்தாள். ஐந்து வயதுப் பேத்தி பந்தைத் துரத்திக்கொண்டு புல்லின் குறுக்கே ஓடிவிட்டது. இன்ஸ்பெக்டர் போட்ட சத்தத்தில் குழந்தைக்கு விக்கல் பிடித்து, நிற்க ஒரு மணி நேரம் ஆயிற்று. மகள் அன்றைக்கே பெட்டியைக் கட்டினாள். அப்புறம் வரவில்லை. ஆபீசில் வேலை அதிகம் போலிருக்கிறது என்று இன்ஸ்பெக்டர் சொல்லிக்கொண்டார். மனைவி பேத்தி விட்டுப்போன பந்தைத் துடைத்து அலமாரியில் வைத்தாள்.

அதற்குப் பிறகு அவர் பத்து நாள் வெளியூர்ச் சோதனைக்குப் போனார். திரும்பி வந்து கேட்டைத் திறந்தால், ஒன்பது வருடப் புல்தரை காய்ந்த துடைப்பம் மாதிரி கிடந்தது. கையால் பிடித்து இழுத்தார். தலைமுடி கொட்டுவதுபோல் கொத்தாக வந்தது.

பக்கத்து வீட்டில் ஒரு கண் டாக்டர் குடியிருந்தார். முன்பக்க அறையில் நோயாளிகளைப் பார்ப்பார். இன்ஸ்பெக்டர் புல்லுக்கு விடும் தண்ணீரால் தன் சுவர் ஊறுகிறது என்று அவர் ஒரு முறை, ஒரே ஒரு முறை, சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். அந்தச் சிரிப்பை இன்ஸ்பெக்டர் மறக்கவில்லை. மருந்துத் தண்ணீரைச் சுவர் தாண்டிக் கொட்டிப் புல்லைக் கொன்றது யார் என்று தெருவே கேட்கும்படி விசாரித்தார். டாக்டர் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து, "சார், எதுக்கும் ஒரு தடவை பிரஷர் பாத்துக்குங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

"அவர் அப்படிச் செய்யற ஆளு இல்லைங்க," என்றாள் மனைவி.

"உனக்கென்ன தெரியும்," என்று எரிந்து விழுந்தார் இன்ஸ்பெக்டர். இனிமேல் அந்த வீட்டு வாசலை யாரும் மிதிக்கக்கூடாது என்று உத்தரவும் போட்டார். மனைவிக்கு இடது கண்ணில் நீர் வடியும் தொந்தரவு இருந்தது. அதுவரை சுவருக்கு அந்தப் பக்கம் போய் மருந்து வாங்கி வந்தவள், அன்றிலிருந்து இரண்டு பஸ் மாறி ஊர்க்கோடியில் இருக்கிற வேறொரு டாக்டரிடம் போய் வந்தாள்.

செத்த புல்லை எல்லாம் சுரண்டி எடுத்து, மண்ணைக் கொத்திச் சமன் செய்துவிட்டு, இன்ஸ்பெக்டர் விதைக் கடைக்குப் போனார். கடைக்காரர் மழை முடியட்டும், இப்போது தூவினால் மண்ணில் தங்காது என்று நல்லபடியாகத்தான் சொன்னார். விற்க மாட்டேன் என்கிற வியாபாரியை இன்ஸ்பெக்டர் அதுவரை பார்த்ததில்லை. ஏதோ தில்லுமுல்லு இருக்கிறது என்று பொட்டலத்தைத் தராசில் வைத்தார். பன்னிரண்டு கிராம் குறைந்தது. அங்கேயே தராசுக்கு சீல் வைத்துவிட்டு, அன்று மதியமே விதையைத் தூவினார். சாயங்காலம்தான் அந்த மழை.

மறுபடி கடைக்குப் போனபோது கடைக்காரர் மழைப் பேச்சையே எடுக்கவில்லை. கேட்டதை எடுத்து வைத்துவிட்டு, "எப்ப வேணாலும் போடுங்க சார், உங்க இஷ்டம்," என்று மட்டும் சொன்னார். இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று இன்ஸ்பெக்டர் நினைத்துக்கொண்டார்.

இரண்டாம் தடவை தூவிய விதைக்கு மேலே, நாலு மூலையிலும் கம்பு நட்டுத் தார்ப்பாய் கட்டினார். மழை வந்தது. தார்ப்பாய் ஒரு சொட்டுகூட விடவில்லை. எல்லாவற்றையும் நடுவில் சேர்த்து வைத்துக்கொண்டது. காலையில் பார்த்தால், தார்ப்பாய்க்கு நிறைமாத வயிறு. இன்ஸ்பெக்டர் குனிந்து அடியில் போய், துடைப்பக் கட்டையால் அந்த வயிற்றை மேலே தள்ளினார். கட்டை தார்ப்பாயைக் கிழித்துக்கொண்டு வெளியே போனது. மொத்தத் தண்ணீரும் அவர் தலையில் இறங்கி, மண்ணில் தொட்டி மாதிரி ஒரு பள்ளம் பறித்தது. விதையெல்லாம் அந்தப் பள்ளத்தில் மிதந்தது.

"விட்டுடுங்களேன்," என்றாள் மனைவி, துண்டை நீட்டியபடி. "நாலு கல்லைப் பதிச்சுட்டா உக்காரவாவது ஆகும்."

இன்ஸ்பெக்டர் துண்டை வாங்கி வீசினார். மண்வெட்டியை எடுத்து, பள்ளத்துத் தண்ணீர் வடியட்டும் என்று சுவர் ஓரம் வரைக்கும் ஒரு வாய்க்கால் வெட்டினார். தண்ணீர் அழகாக வடிந்தது. சுவருக்கு அடியில் இருந்த ஓட்டை வழியாக, விதையையும் கூட்டிக்கொண்டு, டாக்டர் வீட்டுக்கு வடிந்தது.

பள்ளத்தை மூடி, மண்ணில் ஒட்டி மிச்சமிருந்த விதையைக் காப்பாற்ற மேலே சாக்குப் பரப்ப முடிவு செய்தார். மளிகைக் கடைக்காரரிடம் இருபது சாக்கு கேட்டார். எடை இன்ஸ்பெக்டர் கேட்டால் யார் இல்லை என்பார்கள். கடைக்காரர் உள்ளே இருந்த சரக்கை அவசரமாகக் கொட்டிவிட்டு, சாக்கைச் சரியாக உதறக்கூட நேரமில்லாமல் கொடுத்து அனுப்பினார்.

பத்தாம் நாள் சாக்குகளைத் தூக்கிப் பார்த்தால், கீழே பச்சை. இன்ஸ்பெக்டர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். மனைவியைக் கூப்பிட்டு, மூச்சு பலமாக விடாதே என்று எச்சரித்துவிட்டுக் காட்டினார். அவள் குனிந்து ஒரு கிள்ளு கிள்ளி, விரலில் நசுக்கி மோந்து பார்த்தாள்.

"கொத்தமல்லிங்க."

இன்ஸ்பெக்டர் அந்தக் கொத்தமல்லியைப் பிடுங்கிய வேகத்தைப் பார்க்க வேண்டும். இரண்டு கையாலும் பிடுங்கினார். மளிகைக் கடைக்காரரின் பரம்பரையையே இழுத்துத் திட்டிக்கொண்டு பிடுங்கினார். எல்லாம் முடிந்து கையை விரித்துப் பார்த்தபோதுதான், கொத்தமல்லியோடு கொத்தமல்லியாக, மயிரிழை மாதிரி முளைத்திருந்த நிஜப் புல்லும் விரலிடுக்கில் இருப்பது தெரிந்தது.

அன்றைக்குத்தான் அவர் முக்காலியைப் போட்டுச் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தார். டாக்டர் வீட்டு முன்னால் சரளைக்கல் கொட்டிய தரை. அந்தக் கல் இடுக்கெல்லாம் புல் மண்டிக் கிடந்தது. ஒன்பது வருடத்தில் இவர் வீட்டில் ஒரு நாளும் இல்லாத செழிப்பு. டாக்டரின் வேலையாள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அதைப் பிடுங்க ஆரம்பித்திருந்தான்.

இன்ஸ்பெக்டர் தானே போட்ட உத்தரவை மீறி அந்த வாசலை மிதித்தார்.

"அது என் புல்லு," என்றார்.

"தாராளமா எடுத்துக்கிட்டுப் போங்க சார்," என்றார் டாக்டர். "எனக்கு இடம் சுத்தமாகும்."

"இப்ப எடுத்தா வேர் அறுந்துடும். அது இங்கயே இருக்கட்டும். நீங்க யாரும் அது மேல நடக்கக்கூடாது."

"அப்ப பேஷண்ட் எல்லாம் எப்படி உள்ள வருவாங்க?"

"அதை நீங்கதான் யோசிக்கணும்."

தன் வீட்டில் ஒன்பது வருடமாக நட்டு வைத்திருந்த 'புல்லில் நடக்காதீர்' பலகையைப் பிடுங்கிக்கொண்டு போய் டாக்டரின் சரளைக்கல் நடுவில் நட்டார். டாக்டர் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். ஆனால் கண்ணில் மருந்து விட்டுக்கொண்டு வெளியே வருகிறவர்களுக்கு உலகமே மங்கலாகத் தெரியும்போது பலகை எங்கே தெரியப்போகிறது. புல்லைச் சதக் சதக்கென்று மிதித்துக்கொண்டு போனார்கள். இன்ஸ்பெக்டர் ஆபீசுக்கு லீவு போட்டு, முக்காலியில் நின்று, ஒவ்வொருவரையும் சுவருக்கு மேலிருந்து வாங்கு வாங்கென்று வாங்கினார்.

மூன்றாம் நாள் ஒரு கனத்த மனிதர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு தடவித் தடவி நடந்தார்.

"யோவ், கண்ணு தெரியலையா?" என்று கத்தினார் இன்ஸ்பெக்டர்.

"தெரியலை. அதுக்குத்தான் வந்தேன்," என்றார் அந்த மனிதர், கண்ணாடியைக் கழற்றிக் குரல் வந்த திசையைப் பார்த்து. "ஆனா காது கேக்குது. ஜுரம்னு லீவு போட்ட நம்ம இன்ஸ்பெக்டர் குரல் மாதிரியே இருக்குது."

அவர் இன்ஸ்பெக்டரின் மேலதிகாரி.

மறுநாள் ஆபீஸ் மேஜையில் மெமோ காத்திருந்தது. பொய் ஜுரத்தில் ஆரம்பித்து, பன்னிரண்டு கிராமுக்காக விதைக் கடைத் தராசுக்கு வைத்த சீல், மளிகைக் கடையில் மிரட்டி வாங்கிய இருபது சாக்கு என்று எல்லாவற்றுக்கும் விளக்கம் கேட்டிருந்தது. அந்தக் கடைக்காரர்கள் இருவரும் பல நாளாக மனசுக்குள் புழுங்கி, கடைசியில் ஒன்றாகப் போய் எழுதிக் கொடுத்திருந்தார்கள். மன்னிப்புக் கேட்டு இருவரிடமும் கையெழுத்து வாங்கி வராவிட்டால் தூர ஊருக்கு மாற்றல் என்று கடைசி வரி சொன்னது.

இன்ஸ்பெக்டர் மன்னிப்புக் கேட்டார். கடன்காரனை அதட்டுகிற குரலில் கேட்டார், ஆனால் கேட்டார். மளிகைக் கடைக்காரர் சாக்குகளை எண்ணாமலே வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். விதைக் கடைக்காரர் சீலைப் பிரித்த சந்தோஷத்தில், மழை விட்டுவிட்டது, இனி விதைக்கலாம் என்று சொல்லி முறையையும் சொல்லிக்கொடுத்தார். விதையை மணலோடு கலந்து தூவ வேண்டும், பலகையை வைத்து மண்ணை அழுத்த வேண்டும், மேலே சலித்த எருவை மெல்லிசாகப் போட வேண்டும். இன்ஸ்பெக்டர் சிடுசிடுத்துக்கொண்டே அதையெல்லாம் காகிதத்தில் குறித்துக்கொண்டு வந்தார்.

மூன்றாம் தடவை எல்லாம் ஒழுங்காக நடந்தது. மூன்று வாரத்தில் புல் சீராக, அடர்த்தியாக எழும்பி நின்றது. இன்ஸ்பெக்டர் நாலு பக்கமும் முளை அடித்து, இரண்டு சுற்று கயிறு கட்டினார். ஆறு மாதத்துக்குக் கயிற்றைத் தாண்டி ஒரு ஈ உட்காரக்கூடாது என்று அறிவித்தார்.

சனிக்கிழமை மகள் போன் செய்தாள். பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டாயிற்று, குழந்தையைக் கூட்டிக்கொண்டு வரலாமா என்று கேட்டாள். புல் நன்றாக வேர் பிடிக்கட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இன்ஸ்பெக்டர் சொன்னார்.  அந்தப் பக்கம் போன் வைக்கப்பட்டது. பக்கத்தில் நின்றிருந்த மனைவி அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தன் போனை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள்.

மறுநாள் காலையில் இன்ஸ்பெக்டர் அடிக்கோலும் கையுமாகப் புல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது, ஒரு மொபெட் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் முதுகில் மருந்து அடிக்கிற டேங்க். கையில் நீளக் குழாய். டேங்க் மேல் சிவப்பு எழுத்தில் 'களைக்கொல்லி' என்று இருந்தது.

இன்ஸ்பெக்டர் ஒரே தாவலாகத் தாவி அவர் சட்டையைப் பிடித்தார். இத்தனை நாள் ஆதாரமில்லாமல் அலைந்த வழக்குக்குச் சாட்சி தானாகவே வீடு தேடி வந்துவிட்டது. டாக்டரை வெளியே வரச் சொல்லித் தெரு அதிரக் கூப்பிட்டார். டாக்டர் வந்தார். வேலையாள் வந்தான். ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரோடு எதிர்வீட்டுக்காரர் வந்தார். சத்தம் கேட்டு மனைவியும் வாசலுக்கு வந்து, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இத்தனை பேர் முன்னாடி சொல்லுய்யா," என்று உறுமினார் இன்ஸ்பெக்டர். "என் புல்லுக்கு மருந்து அடிக்கச் சொன்னது யாரு? இதோ நிக்கிறாரே, இவர்தானே?"

மருந்துக்காரர் டாக்டரைப் பார்த்தார். யாரென்று தெரியாமல் விழித்தார். பிறகு இன்ஸ்பெக்டரின் தோளுக்கு மேலாக வாசலைப் பார்த்ததும் அவர் முகம் தெளிந்தது.

"மன்னிச்சுக்குங்கம்மா, போன தடவை நான் அடிச்சதுல புல்லு சரியாச் சாகலைன்னு நேத்து போன்ல சொன்னீங்களே, இன்னிக்கு வேர் வரைக்கும் அடிச்சுக் குடுத்துடறேன்."