எருக்குழி மண்ணும் என் மகள் உத்தியோகமும்

ஆரணி,
ஆவணி மாதம், 2003

போளூர் ரங்கசாமி மாமா அவர்களுக்கு, மைத்துனன் சுப்பராயலு வணங்கி எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். உங்கள் கடிதம் வரும்வரை இன்னும் நலமாக இருந்தோம். அக்காவின் முட்டி வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

பெண் பார்க்க வந்த இடத்தில் என் மகள் சுபலட்சுமி பேசியது தப்பு என்று மாப்பிள்ளையின் அப்பா வேடியப்பனுக்கு ஒரு வரி எழுத வேண்டும், கல்யாணமானதும் வேலையை விட்டுவிடுவாள் என்று இன்னொரு வரி எழுத வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டையும் எழுத முடியாது. ஏன் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

அவள் கோயம்புத்தூருக்கு விவசாயம் படிக்கக் கிளம்பியபோது, "மண்ண படிக்க காலேஜாடா? தெருவுல சும்மா கெடக்குதே!" என்று சிரித்தவர் நீங்கள். அவள் படித்தாள். மழை தவறிய வருஷங்களில் கிணற்றை ஆழமாக்கிப் பாய்ச்சும் தண்ணீர் வயலில் உப்பை எப்படிச் சேர்க்கிறது என்று ஆராய்ந்து பட்டம் வாங்கினாள். இப்போது மண் பரிசோதனை நிலையத்தில் இருக்கிறாள். நிழலில் காயவேண்டிய மண்ணையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுவந்து தறிக்குப் பக்கத்திலேயே பேப்பர் விரித்துப் பரப்புவாள். ஒரு வெள்ளிக்கிழமை என் மனைவி, உங்கள் தங்கை முறை கிருஷ்ணம்மாள், அதில் நல்ல சிவப்பாக இருந்ததைக் கரைத்து வாசல் கோலத்துக்குச் செம்மண் பூசிவிட்டாள். பூசியது படவேட்டு விவசாயி ஒருவரின் வயல். சுபா வேறு மண்ணை வைத்துச் சமாளிக்கவில்லை. பஸ் ஏறிப் போய் மறுபடியும் குழி வெட்டி எடுத்து வந்தாள். அப்படிப்பட்டவளைத்தான் பொய் சொல்லச் சொல்கிறீர்கள்.

அன்று நடந்தது என்ன? பழத்தட்டோடு ஒரு மஞ்சப்பையையும் கொண்டுவந்து வைத்தார் வேடியப்பன். "பொண்ணு மண்ணு டாக்டராமே! எங்க நெலத்து மண்ணுக்கு மார்க் போடட்டும்" என்றார். நீங்கள் என்னைப் பார்த்துக் கண்ணடித்தீர்கள். சுபா காபித் தட்டை வைத்துவிட்டு மண்ணைப் பேப்பரில் கொட்டினாள், விரலில் தேய்த்தாள், முகர்ந்தாள், பாதி மக்கிய வைக்கோல் ஒன்றை உருவி எடுத்தாள்.

"இது நெலத்து மண்ணு இல்லீங்க. எருக்குழி ஓரத்து மண்ணு."

"என் நெலத்தையே கொற சொல்றியாம்மா?"

"நெலத்த நான் இன்னும் பாக்கவே இல்லீங்களே. ரத்தம் டெஸ்ட் பண்ண வர்றவரு பக்கத்து வூட்டுக்காரர் ரத்தத்த குடுத்தா நான் இன்னா சொல்றது?"

மாப்பிள்ளை ஜெயவேல் சிரித்துவிட்டார். வாயில் போண்டா இருந்ததால் புரையேறியது. வேடியப்பன் மகன் முதுகில் குத்திக்கினே என்னை முறைத்தார். நீங்கள், "இன்னாடா சுப்பராயலு, பேஜாரா பூட்ச்சே" என்று என் காதைக் கடித்தீர்கள். பேஜாராக்கினது யாரு மாமா? பொண்ணு பாக்க வர்ற எடத்துல எருவ ஜோடிச்சி எடுத்தாந்தவரா, அத எருன்னு சொன்னவளா? முப்பது வருஷமா பட்டு நெய்யறேன். இழை விட்டுப்போன சேலையை நல்ல சேலைன்னு ஒரு கடைக்காரர் கிட்டயும் நான் தள்ளினதில்ல. என் மகள் மட்டும் தள்ளணுமா?

ஆகவே மன்னிப்பு கிடையாது, ராஜினாமாவும் கிடையாது. மண்ணைப் பார்த்தே அவள் பென்ஷன் வாங்கட்டும். இந்த வரனை இத்தோடு விட்டுவிடுங்கள். ஜெயவேல் என்ற பெயரை இனி இந்த வீட்டில் ஒருவரும் எடுக்கமாட்டோம்.

அக்காவுக்கு என் வணக்கம். ரேணுகாம்பாள் அம்மன் உங்களுக்கு நீண்ட ஆயுளும் குறைந்த கோபமும் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
வளைந்து கொடுக்காத,
சுப்பராயலு

பின்குறிப்பு: கடிதத்தை மடித்துத் தபாலில் போடக் கிளம்பும்போது வாசலில் ஜெயவேல் நிற்கிறார். தனியாக வந்திருக்கிறார். முழங்கால் வரைக்கும் சேறு, கையில் மூன்று பை மண். "எங்கப்பா காட்டாத எடத்துல எல்லாம் எட்த்தாந்தேன்" என்றார். மண்ணில் வெள்ளை பூத்திருந்தது. உப்புதான், சரி பண்ணலாம், ஆனால் வருஷக்கணக்கில் பொறுமை வேண்டும் என்றாள் சுபா. வேலையை விடமாட்டேன் என்பதையும் அதே மூச்சில் சொன்னாள். "நீங்க வேலய வுட்டா எங்க நெலத்துக்கு யாரு வைத்தியம் பாக்கறது?" என்றார் அவர். "கெணத்துத் தண்ணி எங்க? அது இல்லாம ஒண்ணும் சொல்ல முடியாதே" என்று அதட்டினாள். "தெரியும்ங்க. இன்னொரு தபா வர்றதுக்கு சாக்கு வேணும்ல?" என்றார். மாமா, ஊரெல்லாம் மண் எடுத்த என் மகள் தலை குனிந்து நான் இன்றுதான் பார்த்தேன். நாங்கள் எடுக்கமாட்டோம் என்ற பெயரைக் கிருஷ்ணம்மாள் இதுவரை ஏழெட்டு தரம் எடுத்துவிட்டாள்.

ஆகையால் மேலே எழுதியதைப் படிக்காததுபோல் வைத்துக்கொண்டு, அக்காவோடு ஜல்தி கிளம்பி வரவும். வேடியப்பனையும் அழைத்து வாருங்கள். மன்னிப்பெல்லாம் வேண்டாம், இந்தத் தடவை வெறுங்கையோடு வரச் சொல்லுங்கள், போதும்.