மேலிட உத்தரவுப்படி வால்வு திறக்கப்பட்டது

மயிலாப்பூர்,
சனிக்கிழமை.

மரியாதைக்குரிய நங்கநல்லூர் மாமா அவர்களுக்கு, மைத்துனன் ரகுபதி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் வைதேகியும் உடம்பளவில் சௌக்கியம். மனசளவில் எப்படி என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். உங்கள் முழங்கால் வலியும் தேவானை அக்காவின் சர்க்கரையும் உங்கள் ஊர் ஆஞ்சநேயர் தயவில் அடங்கியிருக்கும் என்று நம்புகிறேன். போனில் சொல்லக்கூடாதா என்பீர்கள். போனில் நான் இரண்டாவது வாக்கியத்துக்கு வருவதற்குள் "விஷயத்துக்கு வாடா" என்பீர்கள். காகிதம் அப்படிச் சொல்லாது.

விஷயம் இதுதான். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, ஈக்காட்டுத்தாங்கலில் உங்கள் நண்பரின் லேத் பட்டறையில் ஸ்டோர் ரெஜிஸ்டர் எழுதப் போகலாம் என்று போன மாதம் அன்போடு சொன்னீர்களே, அந்த யோசனையை நான் மறுக்கிறேன். முப்பத்தோரு வருஷம் தென்நகர் குடிநீர்க் கழகத்தில் எழுத்தராக இருந்தவன் போல்ட்டும் நட்டும் எழுதப் போவதா? கழகத்துக்கு நான் தேவை. கழகம் அதை ஒப்புக்கொள்ளவில்லை என்பது வேறு விஷயம்.

மறுசீரமைப்பு என்ற பெயரில் கழகத்தை மூன்று கம்பெனியாக வெட்டிவிட்டார்கள் மாமா. தண்ணீர் ஒரு கம்பெனிக்கு. குழாய், வால்வு, சாவி, நாற்காலி, ஃபேன் எல்லாம் இரண்டாவது கம்பெனிக்கு. ஆட்களாகிய நாங்கள் மூன்றாவதுக்கு. எங்கள் டெப்போ இருப்பதே ஒரே அறை. அதன் தரையில் மஞ்சள் டேப் ஒட்டி மூன்று நாடாக்கிவிட்டார்கள். நாற்காலி ஒரு கம்பெனி, அதில் உட்காரும் நான் ஒரு கம்பெனி. ஃபேன் போட வேண்டுமென்றால் சொத்துக் கம்பெனிக்கு மெயில் அனுப்ப வேண்டும். அனுமதி வருவதற்குள் சாயங்காலமாகி வேர்வை தானே காய்ந்துவிடுகிறது. இதற்குச் செயல்திறன் என்று பெயர் வைத்து, சுவரில் போஸ்டர் வேறு ஒட்டியிருக்கிறார்கள்.

இதற்கெல்லாம் யோசனை சொல்ல ஷ்ரவண் என்று ஓர் ஆலோசகர் வந்தார். வேளச்சேரியில் பதினோராவது மாடியில் வீடாம். தங்கமான பிள்ளை. ஆனால் மழைக்காலத்தில் ரோட்டில் வருவதைத் தவிர வேறு தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று அவருக்குத் தெரியாது. எல்லோருக்கும் ஒரு படிவம் கொடுத்தார். தினமும் நடக்கும் வேலைகளை எழுத வேண்டும், ஒவ்வொன்றுக்கும் எதிரே "இதைச் செய்பவர் யார்?" என்ற கட்டத்தை நிரப்ப வேண்டும்.

நீங்கள் பேங்கில் இருந்தவர், உங்களுக்குத் தெரியாததா? ஆபீஸ் காகிதத்தில் "நான் செய்தேன்" என்று எழுதியவன் எவன் நிம்மதியாக இருந்தான்? நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம், "நான் வால்வை மூடினேன்" என்று எழுதிவிட்ட ஒருவர், ரிட்டயர் ஆகும்வரை அதற்கு விளக்கம் எழுதிக்கொண்டிருந்தார். அதனால் நான் எல்லாக் கட்டத்திலும் முத்து முத்தாக "மேலிட உத்தரவுப்படி" என்று எழுதினேன். எங்கள் வால்வுக்காரர் டில்லிபாபு, "சார், என்னுதும் நீயே எய்திக் குடு, உன் கையெய்த்து அயகா கீது" என்றார். அவருக்கும் அதையே எழுதினேன். டெப்போவில் அதிகாரி போகப் பதினாலு பேர். பதினாலு பேருக்கும் எழுதினேன். எங்கள் உதவிப் பொறியாளர் விஜயலக்ஷ்மி மேடமோ தன் படிவத்தில், வழக்கம்போல, "கீழ்நிலைப் பணியாளர் அறிக்கையின்படி" என்று எழுதியிருக்கிறார்.

ஷ்ரவண் அத்தனையையும் கம்ப்யூட்டரில் ஏற்றினார். எங்கள் வேலையையெல்லாம் மேலிடம் செய்கிறது, மேலிடத்து வேலையையெல்லாம் நாங்கள் செய்கிறோம், ஆகவே இந்த டெப்போவில் யாரும் எதுவும் செய்வதில்லை என்று அது கண்டுபிடித்துவிட்டது. "அங்கிள், டேட்டா அப்படித்தான் சொல்லுது" என்றார். பதினாலு பேரும் உபரி. உபரி என்றால் நிரந்தர வேலை போய், பதினோரு மாத ஒப்பந்தம். எங்கே அனுப்பினாலும் போக வேண்டும்.

கூத்து அதோடு முடியவில்லை. வால்வைத் திறப்பது மேலிடம்தான் என்று ரிப்போர்ட் சொல்லிவிட்டதல்லவா? சொத்துக் கம்பெனிக்காரர்கள் எங்கள் வால்வுச் சாவியை, ஆள் உயரத்துக்கு இருக்கும் அந்த இரும்புச் சாவியை, சாக்கில் கட்டித் தலைமைப் பொறியாளருக்குக் கூரியரில் அனுப்பிவிட்டார்கள். அவர் அதை ஏசி அறையில் வைத்துக்கொண்டு என்ன செய்வார்? "தகுந்த நடவடிக்கைக்கு" என்று எழுதித் தண்ணீர்க் கம்பெனிக்கு அனுப்பினார். அவர்கள் சாவி தங்கள் சொத்தில்லை என்று திருப்பினார்கள். சாவி ஊர்வலம் போன நாலு நாளும் மாடவீதிக்குப் பின்னால் இருக்கும் சந்துகளில் சொட்டுத் தண்ணீர் கிடையாது.

ஐந்தாம் நாள் காலையில், சந்தில் இட்லிக் கடை போடும் ஜோதிலட்சுமி ஏழெட்டுக் காலிக் குடங்களோடு வந்து மஞ்சள் டேப்பின் மேலேயே வரிசையாக வைத்துவிட்டாள். "நாலு நாளா அரிசி ஊறப்போடத் தண்ணி இல்ல. கேட்டா மேலிடம் மேலிடம்னு சொல்லிக்கினு கீறீங்கோ. எங்க கீது அது? இட்டுக்கினு போங்க, நான் பேசிக்கறேன்" என்றாள். நான் கோப்பைப் பார்த்தேன். மேடம் என்னைப் பார்த்தார். டில்லிபாபு மட்டும் எழுந்து போய், வெல்டிங் கடையில் ஒரு கம்பியை வளைத்து வாங்கிவந்து, பள்ளத்தில் இறங்கி வால்வைத் திறந்துவிட்டார். வரைபடத்தில் பதினெட்டுச் சுற்று என்று இருக்கிறது. இருபத்திரண்டு சுற்றி, அரைச் சுற்று பின்வாங்க வேண்டும் என்பது அவர் கைக்கு மட்டும்தான் தெரியும். குடங்கள் நிறைந்தன. மறுநாள் உபரிக் காகிதத்தோடு அவருக்கு ஒரு மெமோவும் வந்தது: எந்த உத்தரவின்படி திறந்தீர்?

"இன்னா சார் எய்தறது?" என்று என்னிடம் வந்தார். "தண்ணி இல்லன்னாங்கோ, தொறந்தேன். வேற இன்னா கீது?"

வேலை செய்யாத உபரி என்று ஒரு காகிதம், வேலை செய்துவிட்டார் என்று இன்னொரு காகிதம். இரண்டிலும் ஒரே தேதி, ஒரே கையெழுத்து. ஆற்றங்கரையில் இருந்த அவர் வீட்டை இடித்து ஊருக்கு வெளியே அனுப்பினார்கள். அங்கிருந்து முதல் பஸ் பிடித்து வந்து மயிலாப்பூருக்குத் தண்ணீர் திறந்துவிடுகிறார். அவர் வீட்டுக்கு லாரித் தண்ணீர்தான். அந்த மனுஷனை உபரியாக்கியது ஷ்ரவணும் இல்லை, கம்ப்யூட்டரும் இல்லை. என் அழகான கையெழுத்து.

ஆனால் ஒரு வழி பிறந்திருக்கிறது. ரெஜிஸ்டரை வைத்திருக்கும் எழுத்தர் என்ற முறையில், இன்னின்ன வேலையை இன்னின்னார்தான் செய்கிறார்கள் என்று நான் உறுதிமொழி கொடுத்தால் பதினாலு பேரும் பிழைத்தோம். திங்கட்கிழமை கடைசி நாள். "யார் சொல்லியும் இல்லாம, நீங்களா உங்க பொறுப்புல எழுதணும் அங்கிள், அவ்ளோதான்" என்று ஷ்ரவண் என் கையைப் பிடித்துச் சொன்னார். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் "நான்", "நான்" என்று எழுதிப் பழகிக்கொண்டிருக்கிறேன். வைதேகி எட்டிப் பார்த்து, "கல்யாணமாகி இத்தனை வருஷத்துல உங்க வாயில இவ்வளவு நான் வந்ததே இல்லையே" என்கிறாள். வரும். திங்கட்கிழமை பாருங்கள். ஆகவே பட்டறைப் பேச்சை இனி எடுக்க வேண்டாம் என்று பணிவோடும் கொஞ்சம் கர்வத்தோடும் கேட்டுக்கொள்கிறேன்.

அக்காவை மாத்திரை மறக்காமல் போடச் சொல்லுங்கள். நீங்கள் இருவரும் நங்கநல்லூரில் இருந்தபடியே மயிலாப்பூர்ப் பக்கம் திரும்பி, எங்கள் பதினாலு பேரையும் ஒருமுறை வாழ்த்திவிடுங்கள்.

தங்கள் அன்புள்ள,
ரகுபதி

பி.கு. (செவ்வாய்க்கிழமை): கடிதத்தைத் தபாலில் போட மறந்து பையிலேயே வைத்திருந்தேன். அதுவும் நல்லதாகப் போயிற்று. நேற்று உறுதிமொழியைக் கொடுத்துவிட்டேன். பதினாலு பெயர், அவரவர் வேலை, இருபத்திரண்டு சுற்று, அரைச் சுற்று எல்லாம் சரியாக எழுதினேன். கீழே "எவர் தூண்டுதலும் இன்றி, என் சொந்தப் பொறுப்பில் அளிக்கிறேன்" என்று அச்சிட்டிருந்தது. அதன் அடியில் கையெழுத்துப் போடும்போது, முப்பத்தோரு வருஷப் பழக்கம், கை தானாகவே "மேலிட உத்தரவுப்படி" என்று எழுதிவிட்டது. ஷ்ரவண் தன் பையைக் கவிழ்த்துத் தேடினார். வேறு படிவம் கிடையாதாம். இன்று காலை பதினாலு பேருக்கும் ஒப்பந்தக் காகிதம் வந்துவிட்டது. டில்லிபாபு என் தோளில் கை வைத்து, "வுடு சார், நீ இன்னா பண்ணுவ" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

அந்தப் பட்டறை வேலை இன்னும் காலியாக இருக்கிறதா மாமா? போல்ட்டு நட்டெல்லாம் நன்றாக எழுதுவேன். இன்னோர் ஆளும் வேண்டுமா என்று கேளுங்கள். என்னைவிட டில்லிபாபு கெட்டிக்காரர். இதை நான் கேட்கிறேன், என் சொந்தப் பொறுப்பில், யார் சொல்லியும் இல்லை. அக்கா கேட்டால் மட்டும், வைதேகி சொல்லித்தான் எழுதினான் என்று சொல்லிவிடுங்கள்.