டெல்மர் தேர்ந்தெடுத்த துப்பாக்கி

பிப்ரவரி மாதக் கடைசியில், காலைக் காபி ஆறுவதற்குள், டெல்மர் ஹாஸ்க்யூ ஒரு தீர்மானம் போட்டான். இந்த வசந்தத்தில் ஒன்று மேயர் சாக வேண்டும். இல்லையென்றால் தான் வேட்டையையே விட்டுவிட்டுத் தோட்டத்தில் முள்ளங்கி போட வேண்டும்.

மேயர் என்பது ஒரு வான்கோழிச் சேவல். டெல்மர் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மலைச்சரிவுதான் அதன் ராஜ்யம். நெஞ்சில் பதினொரு அங்குலத்துக்குத் தொங்கும் இறகுத் தாடி. நிமிர்ந்து நடக்கும், எல்லோரையும் முறைக்கும், ஒரு வேலையும் செய்யாது. அதனால்தான் அந்தப் பெயர். போன ஏப்ரலில் டெல்மர் அதை நான்கு முறை சுட்டான். நான்கு முறையும் அது தலையைத் திருப்பி, யாரப்பா அது என்பதுபோல் பார்த்துவிட்டு, நடந்தே போனது. ஓடக்கூட இல்லை.

மிசூரியின் அந்த மூலையில் ஒருவன் கடன் வாங்கலாம், தேவாலயத்தில் குறட்டை விடலாம், யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். வான்கோழியைத் தவறவிட்டால் மட்டும் மன்னிப்புக் கிடையாது. டெல்மர் சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்தாலே யாராவது ஒருவர், "மேயர் சௌக்கியமா?" என்று அக்கறையாக விசாரிப்பார். பத்து மாதமாக அவன் அங்கே முட்டை சாப்பிடப் போவதில்லை.

"குத்தம் என் கையில இல்ல, வெர்லா. துப்பாக்கியில இருக்கு."

அவன் மனைவி வெர்லா ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். "துப்பாக்கி என்ன பண்ணுச்சு?"

"எங்கப்பா காலத்துப் பன்னெண்டு கேஜ். சுட்டா ரவையெல்லாம் கல்யாணத்துல அரிசி எறிஞ்ச மாதிரி செதறுது."

"உங்கப்பா அதே துப்பாக்கியில வருஷம் ரெண்டு கொண்டு வந்தாரே."

"அந்தக் காலத்து வான்கோழிங்க மெதுவா நடந்துச்சு."

"ஓஹோ."

"எனக்குப் புதுசா ஒண்ணு வேணும்."

"தாராளமா வாங்கிக்க. சட்டம் ஞாபகம் இருக்குல்ல?"

டெல்மர் காபியைப் பார்த்தான். சட்டம் ஞாபகம் இருந்தது. ஒன்பது வருடத்துக்கு முன்பு, குளித்துவிட்டு ஈரக்கையோடு துணி அலமாரிக்குள் துவாலை தேடிய வெர்லாவின் கையில் ஒரு துப்பாக்கி வந்தது. அன்றைக்கே இயற்றிய சட்டம்: ஒரு துப்பாக்கி வீட்டுக்குள் வந்தால் ஒரு துப்பாக்கி வெளியே போக வேண்டும். இப்போது வீட்டில் மூன்று. மான் வேட்டைக்கு ஒரு ரைஃபிள், அணிலுக்கு ஒரு சின்ன ரைஃபிள், அப்பாவின் பன்னிரண்டு கேஜ். எதைக் கொடுப்பது? மூன்றும் அவனுக்கு மூன்று பிள்ளைகள். அதில் ஒன்று உருப்படாத பிள்ளை, அவ்வளவுதான்.

அன்று மாலை டிராக்டரில் உட்கார்ந்திருந்தபோது அவனுக்கு ஞானம் பிறந்தது. சட்டம் தனக்குத்தான். வெர்லாவுக்கு இல்லை. ஏப்ரல் ஒன்பது அவர்களுடைய கல்யாண நாள். துப்பாக்கியை அவளுக்குப் பரிசாகக் கொடுத்தால் அது அவன் வாங்கிய துப்பாக்கி ஆகாதே. "எனக்கெதுக்கு இது, நீயே வச்சுக்க" என்பாள். முந்தின வருடத்துக்கு முந்தின வருடம் மீன் தூண்டில் வாங்கிக் கொடுத்தபோது அப்படித்தான் சொன்னாள். அந்தத் தூண்டிலில் அவன் இன்றுவரை மீன் பிடித்துக்கொண்டிருக்கிறான். டெல்மர் தன் தொடையில் தானே தட்டிக்கொண்டான். இத்தனை மூளையை வைத்துக்கொண்டு நாற்பத்தாறு வருடம் சும்மா இருந்திருக்கிறோமே என்று அவனுக்கு வருத்தமாகக்கூட இருந்தது.

மார்ச் முதல் வாரம் ஓப்பலின் துப்பாக்கிக் கடைக்குப் போனான். ஓப்பல் அறுபது வயது விதவை. கடையும் அவளே, பின்னால் இருக்கும் பட்டறையும் அவளே. சிரிப்பதென்றால் வருடத்துக்கு ஒரு முறை, அதுவும் யாராவது விழுந்தால்தான்.

"பன்னெண்டு கேஜ் வேணும். இருக்கறதுலயே பெரிய தோட்டா போடற மாதிரி. சுட்டா மேயரோட பரம்பரையே நடுங்கணும்."

"உனக்கா?"

"வெர்லாவுக்கு." டெல்மர் கண்ணடித்தான். "கல்யாண நாள் பரிசு."

ஓப்பல் கண்ணடிக்கவில்லை. ஒரு கனத்த துப்பாக்கியை எடுத்துக்கொண்டு கடைக்குப் பின்னால் நடந்தாள். நாற்பது தப்படி தள்ளி வான்கோழித் தலையும் கழுத்தும் அச்சடித்த காகிதம் ஒன்றைக் குத்தி வைத்தாள். அந்த ஊரில் துப்பாக்கியைப் பேச்சில் விற்க முடியாது. காகிதத்தில் விழுந்த ஓட்டையை எண்ணிக் காட்ட வேண்டும்.

டெல்மர் சுட்டான். தொப்பி பின்னால் போனது. டெல்மரும் கொஞ்சம் போனான். தோளில் கழுதை உதைத்த மாதிரி இருந்தது.

"எத்தன?" என்றான், பல்லைக் கடித்துக்கொண்டு.

"கழுத்துல நாலு. மேகத்துல நெறைய."

"கொஞ்சம் அசைஞ்சிட்டேன்."

"சுடறதுக்கு முன்னாடியே கண்ண மூடிட்ட. இன்னொரு தடவ சுடறியா?"

டெல்மர் தோளைத் தடவிக்கொண்டு, வேண்டாம் என்றான். அடுத்த வாரம் வருகிறேன் என்றான். அடுத்த வாரம் வந்தான். வேறொரு பன்னிரண்டு கேஜ். ஆறு ஓட்டை, வலது கை ஒரு நாள் முழுக்க மரத்துப் போயிற்று. மூன்றாவது வாரம் ஓப்பல் மெலிசாக ஒன்றை எடுத்து வந்தாள். இருபது கேஜ். இந்த எண் ஏற ஏறக் குழல் சிறுத்துக்கொண்டே போகும்.

"இது பொம்பளங்க சுடறது, ஓப்பல்."

"பரிசு வெர்லாவுக்குன்னுதான சொன்ன?"

டெல்மர் அவள் கையிலிருந்து வாங்கிச் சுட்டான். தொப்பி தலையிலேயே இருந்தது. ஓப்பல் காகிதத்தைக் கொண்டுவந்து அவன் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். இருபத்திரண்டு ஓட்டை. தலை சல்லடையாகி இருந்தது.

"எப்படி?"

"தோட்டா அப்படி. ஈயம் இல்ல, டங்ஸ்டன். பொடி ரவைதான், ஆனா கனம். இப்பல்லாம் வெவரம் தெரிஞ்சவங்க இதத்தான் எடுக்கறாங்க."

விவரம் தெரிந்தவர்கள் என்றதும் டெல்மருக்கு முதுகு நிமிர்ந்தது. "நானும் அதான் நெனச்சேன். இப்பல்லாம் சின்ன கேஜ்தான். தோள்ல முட்டுக் குடுக்கற கட்டை கறுப்பு பிளாஸ்டிக்ல இருக்கறதா குடு, மழை பட்டாலும் கவலையில்ல."

"வால்நட் மரக்கட்டை எடு. பரிசுன்னா பாக்க லட்சணமா இருக்கணும்."

"அதுவும் சரிதான். மரம்தான் எனக்கும் பிடிக்கும்." மூன்று வார ஆராய்ச்சியில் தானே கண்டுபிடித்த துப்பாக்கியைப் பெருமையோடு வண்டியில் வைத்தான்.

ஏப்ரல் ஒன்பதாம் தேதி. சாப்பாட்டு மேசை. நீளமான பெட்டி, சிவப்பு நாடா. வெர்லா பெட்டியைத் திறந்தாள். டெல்மர் முகத்தைத் தயாராக வைத்துக்கொண்டான். அவள் வேண்டாம் என்றதும் "சரி, நீ இவ்வளவு சொல்றதால" என்று சொல்ல வேண்டும். காலையிலிருந்து மாட்டுக் கொட்டகையில் ஒத்திகை பார்த்திருந்தான்.

வெர்லா வால்நட் கட்டையை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "இது எனக்கா?"

"உனக்குத்தான் கண்ணு."

"நெஜமா எனக்கே எனக்கா?"

"சத்தியமா. பைபிள் மேல கை வச்சுச் சொல்லவா?"

"வேண்டாம், நம்பறேன்." அவள் கண் கலங்கியது. "எட்டு வயசுலருந்து எங்கப்பாகூட வான்கோழிக்குப் போனவ நான். இந்த வீட்டுக்கு வந்து இருபத்திரெண்டு வருஷத்துல ஒருநாள் நீயும் வரியான்னு நீ கேட்டதில்ல. எனக்கு எவ்வளவு ஏக்கம்னு உனக்குத் தெரியாதுன்னே நெனச்சிருந்தேன், டெல்மர்."

டெல்மருக்கு மாமனார் என்ற ஒருவர் வேட்டைக்குப் போனதே அப்போதுதான் நினைவுக்கு வந்தது. "உனக்கெதுக்கு இந்தக் கஷ்டமெல்லாம்" என்று ஆரம்பித்தான். அதற்குள் அவள் எழுந்து வந்து அவன் நெற்றியில் முத்தம் கொடுத்தாள். ஒத்திகை பார்த்த வசனத்துக்கு வேலையில்லாமல் போயிற்று.

சரி, போகட்டும், ஒரு வாரத்தில் ஆசை அடங்கிவிடும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டான். மறுநாள் வயலிலிருந்து வந்தபோது துப்பாக்கி மேசைமேல் இருந்தது. பார்த்ததும் ஏதோ சரியில்லை என்று பட்டது. எடுத்துத் தோளில் வைத்தான். அவனுடைய கட்டைவிரலே அவன் மூக்கில் இடித்தது.

"வெர்லா, இதுக்கு என்ன ஆச்சு?"

"கட்டை எனக்கு நீளமா இருந்துச்சு. ஓப்பல்கிட்ட குடுத்து ஒண்ணேகால் அங்குலம் அறுத்துட்டேன்."

"அறுத்துட்டியா?"

"ரம்பத்தாலதான். ரெண்டு நிமிஷ வேலை."

டெல்மருக்கு நாற்காலி தேவைப்பட்டது. புதுத் துப்பாக்கி. வால்நட். முழுசாக ஒரு நாள்கூட ஆகவில்லை. பிளாஸ்டிக் கட்டையாக இருந்தால் இடையில் துண்டு வைத்து நீட்டலாம், குறைக்கலாம். அறுத்த மரம் இனி வளருமா? மூன்று வாரம் தோளைப் புண்ணாக்கிக்கொண்டு தேடிய துப்பாக்கி, இனி இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆள் கைக்குத்தான் பொருந்தும்.

"பரவால்ல," என்றான் கடைசியில். "எனக்கு அப்பாவோட பழசு இருக்கு."

"அத உன் தம்பி ராய்ஸுக்குக் குடுத்துட்டேன்."

"என்னது?"

"ஒண்ணு உள்ள வந்தா ஒண்ணு வெளிய போகணும்."

"அந்தச் சட்டம் எனக்கு."

"வீட்டுக்கு. அலமாரி எல்லாருக்கும் ஒண்ணுதான. எனக்கும் கஷ்டமாத்தான் இருந்துச்சு, ஆனா நீதான அது சரியில்லன்னு சொன்ன? உங்கப்பா பொருளு, குடும்பத்துக்குள்ளயே இருக்கட்டும்னு பாத்தேன். ராய்ஸ் அழுதுட்டான் தெரியுமா?"

டெல்மருக்கும் அழ வேண்டும்போல் இருந்தது. மிச்சமிருப்பது இரண்டு ரைஃபிள். வான்கோழியை ரைஃபிளால் சுட்டால் வனக்காவலர் வந்து துப்பாக்கியோடு ஆளையும் தூக்கிக்கொண்டு போவார். யாரிடமாவது இரவல் கேட்கலாமென்றால், பெண்டாட்டிக்குப் பரிசு வாங்கிக் கொடுத்துவிட்டு நீ ஏனப்பா வெறுங்கையோடு நிற்கிறாய் என்று ஊர் கேட்கும். யோசித்துப் பார்த்தான். மேயர் அதே சரிவில் நிமிர்ந்து நடந்துகொண்டிருந்தது. வேட்டைக் காலம் தொடங்க எட்டு நாள்தான் பாக்கி.

"நீ வருத்தப்படாத," என்றாள் வெர்லா. "நீ என்கூட வா. மரப்பெட்டியத் தேச்சு வான்கோழியக் கூப்பிடறதுல உன்ன மிஞ்ச இந்த ஊர்ல ஆளில்ல. சுடறதுதான உனக்கு வராது."

அப்படியாக, ஏப்ரல் மூன்றாம் திங்கட்கிழமை விடியலில், டெல்மர் ஹாஸ்க்யூ ஓர் ஓக் மரத்தின் பின்னால் உட்கார்ந்து, மரப்பெட்டியின் மூடியைத் தேய்த்துப் பெட்டைக்கோழி மாதிரி கொஞ்சிக் கொஞ்சிக் கூப்பிட்டான். மரத்துக்கு முன்னால் வெர்லா. துப்பாக்கி அவள் தோளில் ஒட்டிப் பிறந்ததுபோல் உட்கார்ந்திருந்தது.

சரிவின் மேலிருந்து பதில் வந்தது. மேயர். டெல்மர் இன்னும் கொஞ்சம் குழைந்தான். மேயர் இறக்கையை விரித்துக்கொண்டு, வால் விசிறியாக, நீலத்தலையை நீட்டி வந்தது. அறுபது தப்படி. ஐம்பது. போன வருடம் இந்த நேரத்தில்தான் கை நடுங்கியது. இப்போதும் நடுங்கியது. நல்லவேளையாக அதில் துப்பாக்கி இல்லை.

முப்பத்தைந்து.

ஒரே ஒரு சத்தம். மேயர் இருந்த இடத்திலேயே விழுந்தது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

டெல்மர் வாயைத் திறந்தபடி நின்றான். சந்தோஷமா, துக்கமா, அவனுக்கே தெரியவில்லை. வெர்லா ஓடிப்போய் அதைத் தூக்கிக்கொண்டு திரும்பினாள். முகமெல்லாம் சிரிப்பு. கல்யாணத்தன்றுகூட அவள் இப்படிச் சிரித்து அவன் பார்த்ததில்லை. பார்த்ததும் அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்த நிமிடம் அவன் மனசார மகிழ்ந்தான், அதை மறைப்பதற்கில்லை.

வேட்டைக் காலம் தொடங்கும் நாளில் ஊரே ஓப்பல் கடையில்தான் கூடும். எடை போட்டு, கரும்பலகையில் பெயர் எழுதுவார்கள். இருபத்துமூன்று பவுண்டு என்றது தராசு. சாப்பாட்டுக் கடையில் அவனைச் சீண்டியவர்கள் எல்லோரும் வெர்லாவைச் சுற்றி நின்று கை குலுக்கினார்கள்.

"கூப்பிட்டது நான்தான்," என்றான் டெல்மர், கொஞ்சம் உரக்க. "துப்பாக்கியத் தேர்ந்தெடுத்ததும் நான்தான். மூணு வாரம் ஆராய்ச்சி. ஓப்பல், என் பேரையும் கீழ எழுது."

"சாக்பீஸ் அந்த டிராயர்ல இருக்கு. எடு."

டெல்மர் டிராயரைத் திறந்தான். சாக்பீஸுக்கு அடியில் ஓர் ஆர்டர் சீட்டு. ஓப்பலின் கையெழுத்து. 'வெர்லா ஹாஸ்க்யூ. இருபது கேஜ். வால்நட் கட்டை. ஒன்றேகால் அங்குலம் அறுக்க வேண்டும். ஜனவரி 11.'

அவன் அதை இரண்டு தரம் படித்தான். பிறகு வெர்லாவைப் பார்த்தான். அவள் யாருக்கோ மேயரின் தாடியை அளந்து காட்டிக்கொண்டிருந்தாள்.

"ஓப்பல், இது ஜனவரின்னு போட்டிருக்கு."

"ஆமா."

"நான் வந்தது மார்ச்சுல."

"மார்ச்சுல வருவன்னுதான் அவளும் சொன்னா." ஓப்பல் அவன் கையிலிருந்து சாக்பீஸை வாங்கிக்கொண்டாள். அந்த வருடத்துக்கான சிரிப்பை அப்போதுதான் சிரித்தாள். "மூணு வாரம் ஆனாலும் பரவால்ல, அவனே தேர்ந்தெடுத்த மாதிரி இருக்கணும், இல்லன்னா மனசு ஒடஞ்சிடுவான்னு சொல்லிட்டுப் போனா."